டாக்டருக்கு மூன்று வாசல், சிப்பாய்க்கு ஒன்றுதானா?

தரைப்படையில் சேர்ந்த ஒரு டாக்டர் கடற்படைக்கு மாறலாமா? மாறலாம். அங்கிருந்து விமானப்படைக்கும் போகலாம். அவருடைய அந்தஸ்து குறையாது, பழைய சர்வீசும் வீணாகாது. ஆலையிலும் வயலிலும் பாடுபடும் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருக்கின்றன. ஆகவே இந்த ஏற்பாட்டை நாமும் தெரிந்துகொள்வது அவசியம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியப் பட்டாளத்தின் வைத்தியம் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. மேல்தட்டில் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ். அதற்குக் கீழே இந்தியன் மெடிக்கல் டிபார்ட்மெண்ட். அடித்தட்டில் ஆஸ்பத்திரிச் சிப்பாய்களின் இந்தியன் ஹாஸ்பிடல் கோர். இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, 1943 ஏப்ரல் 3-ல், மூன்றையும் ஒன்றாக்கினார்கள். விடுதலைக்குப் பின் டாக்டர் பி.சி.ராய் தலைமையிலான கமிட்டியின் சிபாரிசுப்படி 1948-ல் முப்படைகளின் மருத்துவமும் ஒரே டைரக்டர் ஜெனரலின் கீழ் வந்தது. அதே ஆண்டில் முப்படைக்கும் பொதுவான மருத்துவக் கல்லூரி புனேயில் ஏற்பட்டது.

இதனால்தான் டாக்டர்களுக்கு வாசல் திறந்தது. அவர்கள் ஆர்மி மெடிக்கல் கோரில் கமிஷன் பெற்று, தேவைப்படும் படைக்குச் செல்கிறார்கள். உடையும் பட்டத்தின் பெயரும் மாறும். தரைப்படையின் கேப்டன், கடற்படையில் சர்ஜன் லெப்டினன்ட். விமானப்படையில் பிளைட் லெப்டினன்ட். பெயர் மூன்று, படி ஒன்றே.

இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. 2004-ல் தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரலான முதல் பெண் டாக்டர் புனிதா அரோரா. மறு ஆண்டே அவர் கடற்படைக்கு மாறி வைஸ் அட்மிரல் ஆனார். டாக்டர் ஆர்த்தி சரீன் மூன்று படைகளின் உடையையும் அணிந்து பணியாற்றியவர். 2024 அக்டோபர் 1-ல் முப்படை மருத்துவத்துக்கும் டைரக்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்ற முதல் பெண்மணியும் அவரே.

இந்த ஏற்பாடு நல்லது. அதை நாம் வரவேற்கிறோம். காய்ச்சலுக்குத் தரை என்றும் கடல் என்றும் பேதம் உண்டா? விமானியின் உடல்நிலையும் கடலுக்கடியில் மூழ்குபவனின் உடல்நிலையும் வேறு என்பது உண்மைதான். அதற்கு பெங்களூரிலும் மும்பையிலும் தனிப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கற்றுக்கொண்டால் தீர்ந்தது.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்குபவன், காயத்துக்குக் கட்டுப் போடுபவன், இரவெல்லாம் கண்விழிப்பவன் கதி என்ன? தரைப்படை தனக்கென நர்சிங் அசிஸ்டெண்டுகளை எடுக்கிறது. கடற்படையும் விமானப்படையும் தங்களுக்கென மெடிக்கல் அசிஸ்டெண்டுகளைத் தனித்தனியே எடுக்கின்றன. டாக்டர்களுக்கு இருப்பதுபோல் முப்படைக்கும் பொதுவான ஓர் அணி இவர்களுக்கு இல்லை. விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த ஊர்க்காரன் ஒருவன் தரைப்படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தாய் படுத்த படுக்கையானாலும், டாக்டரைப்போல் உடையை மாற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேரும் வாசல் அவனுக்கு இல்லை.

“சிப்பாய் விஷயம் வேறு, டாக்டர் விஷயம் வேறு, கட்டுப்பாடு கெட்டுவிடும்” என்று சிலர் சொல்லக்கூடும். டாக்டர் மாறியபோது எந்தக் கட்டுப்பாடு கெட்டது? 1943-ல் யுத்தத்துக்கு நடுவிலேயே மூன்று அடுக்குகளைக் கலைத்து ஒன்றாக்க முடிந்தது. சமாதான காலத்தில், சுதந்திர சர்க்காரால் இது முடியாதா?

முப்படை மருத்துவச் சிப்பாய்களுக்கும் ஒரே பதிவேடு வேண்டும். பயிற்சி பொதுவாக இருக்க வேண்டும். விரும்பி மாறுகிறவனின் சர்வீசும் சீனியாரிட்டியும் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அதிகாரிக்கு நியாயமென்று 1948-லேயே ஒப்புக்கொண்டது சிப்பாய்க்கும் நியாயமே. சர்க்கார் இதைச் செய்ய வேண்டும்.