வரி குறைந்தது, வெட்கம் குறையவில்லை!

அத்திப்பட்டு வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. அந்த ரயில்களில் கழிப்பறை கிடையாது. சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாதவர்களுக்கு இந்தச் சின்னப் பயணமே பெரும் பயம். அதனால் கல்யாணம், கோவில் எதற்கும் போகாமல் வீட்டோடு முடங்கி விடுகிறவர்கள் உண்டு.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இவர்களுக்கு ஒரு சலுகை கிடைத்தது. நோயாளிகள் அணியும் டயப்பர் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

நல்ல காரியம்தான். ஆனால் டயப்பர் ஈரத்தைத் தாங்குமே தவிர, நோயைத் தீர்க்காது. "வயதானால் அப்படித்தான்" என்று பேசாமல் இருந்து விடுகிறோமே, அதுதான் தவறு. இதற்குச் சிகிச்சை உண்டு.

காரணம் என்ன?

இருமினால், சிரித்தால், குடம் தூக்கினால் சிறுநீர் சொட்டுகிறதா? பிள்ளைப்பேற்றினால் இடுப்புக்கு அடியில் உள்ள தசை தளர்ந்திருக்கலாம். கழிப்பறைக்குப் போவதற்குள் வந்து விடுகிறதா? சிறுநீர்ப்பை அவசரப்பட்டுச் சுருங்குகிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கினாலும் தொல்லை வரும். சர்க்கரை வியாதியும் ஒரு காரணம்.

மலச்சிக்கல் முற்றினால், இறுகிய மலத்தைச் சுற்றி நீராகக் கசியும். பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்திருந்தாலும் மலம் தங்காது.

காசில்லாத வைத்தியம்

அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் ஒரு பயிற்சியை வெளியிட்டார். சிறுநீரை நிறுத்த இறுக்குகிறோமே, அந்தத் தசையை உட்கார்ந்தபடியே இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை, 3 மாதம் செய்ய வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது.

பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும்.

பயிற்சியில் தீராவிட்டால் மாத்திரை உண்டு; தேவையானால் ஆபரேஷனும் உண்டு. சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, திடீரென்று கால் மரத்துக் கட்டுப்பாடு போனாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ரயில் ஏறுங்கள்!

அத்திப்பட்டில் ஏறினால், சென்னை மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. சிறுநீர்ப் பாதை நோய்களுக்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களே, பாட்டியிடம் மெதுவாகக் கேளுங்கள். அவர் சொல்லத் தயங்குவார். டயப்பர் அணிவித்து, ரயிலில் துணைக்குப் போங்கள். வரி குறைந்த அந்தப் பொருள், வீட்டில் முடங்கிக் கிடக்க அல்ல, டாக்டரிடம் போய்ச் சேர உதவட்டும்.