மெலிவும் நித்திரையும்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த நாம், பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் மாதக்கணக்கில் படுத்தெழும்பினோம். உடுப்புத் தளர்ந்தது. நடுச்சாமத்தில் விழிப்பு வந்தது. "யோசனைதான்" என்றோம். யோசனை இல்லாமலில்லை. ஆனால் இராச்சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கு விட்டு, வெறுந்தேத்தண்ணியோடு படுத்த வயிற்றையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பதே எமது எண்ணம்.

பசித்த உடல் லேசில் கண்ணயராது. உணவு தேட விழித்திருக்கும். 1998இல் கண்டறியப்பட்ட ஒரெக்சின் என்னும் மூளைச் சுரப்பு பசியையும் விழிப்பையும் சேர்த்தே தூண்டுகிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர் ஆய்வுக்காக மனமொப்பி ஆறு மாதம் அரைவயிறாக இருந்தனர். உடல் நிறையில் ஏறக்குறைய காற்பங்கு போயிற்று, கோடையிலும் குளிர்ந்தது, பேச்செல்லாம் சாப்பாடாயிற்று. அவர்களுக்காவது முடிவுத் திகதி தெரிந்திருந்தது.

2022இன் விலையேற்றத்தில் பல வீடுகளில் இராச்சாப்பாடு மறுபடியும் நின்றது. முதலில் நிறுத்தியவள் தாய். இதைத் தியாகமென்று புகழ்வதை நாம் ஏற்கவில்லை. விடிய எழும்பி வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போகிறவளும் அவளே. ஒடியற்கூழோ, குரக்கன் பிட்டோ, அவித்த பயறோ, இருப்பதை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டுப் படுக்க வேண்டும்.

வயிறாரச் சாப்பிட்டும் மெலிந்தால் அது வேறு கதை. இரவில் பலமுறை சலம் கழிக்க எழும்பினால் நீரிழிவாக இருக்கலாம். இராவியர்வையும் விடாத இருமலும் என்றால் காசநோயாக இருக்கலாம். நித்திரைக் குளிசை வாங்குமுன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள்.