நம்ம ஆள் பார்த்துக்குவான்

ஸ்ரீரங்கத்தில் ஏ.சி. மாட்டவோ, கெய்சர் மாற்றவோ, மாடிக்குத் தனி லைன் இழுக்கவோ யாரைக் கூப்பிடலாம் என்று விசாரித்துப் பாருங்கள். உத்திர வீதியில் கேட்டாலும், திருவானைக்காவல் பக்கத்துப் புது அப்பார்ட்மென்டில் கேட்டாலும் ஒரே பதில்தான். "நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான் சார், இருபது வருஷமா நம்ம வீட்டுக்கு அவன்தான்." லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். "லைசென்ஸெல்லாம் ஈ.பி.க்குக் காட்டத்தான் சார். வேலைக்கு அனுபவம்தானே வேணும்?"

இந்த நம்பிக்கை தவறு. அதுவும் திருச்சிக்காரர்களுக்கு வந்திருக்கவே கூடாத தவறு.

திருவெறும்பூரில் பெல் இருக்கிறது. நாட்டின் அனல்மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்து அனுப்புகிற ஆலை. அங்கே உயர் அழுத்தக் குழாயில் கைவைக்க வேண்டுமானால், அந்த வெல்டர் சோதனைத் துண்டைப் பற்றவைத்துக் காட்டித் தேறிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். பாய்லர் விதிகள் அப்படி. சான்று வாங்கியவர் வைத்த வெல்டையும் சும்மா ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வெளியே வழவழவென்று இருக்கிற வெல்டுக்கு உள்ளே விரிசல் ஓடியிருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒழுங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். முப்பது வருடம் "ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டே பழகியவர், சொந்த வீட்டில் மெயின் போர்டு வேலை முடிந்ததும் கேட்கிற ஒரே கேள்வி, "ஃபேன் சுத்துதா?"

சுற்றும். தப்பாகச் செய்தாலும் சுற்றும். மின்வேலையின் சங்கடமே அதுதான். தையல்காரர் தவறாக வெட்டினால் சட்டையைப் போட்ட அன்றே தெரிந்துவிடும். ஒயரிங்கில் நடந்த தவறு விளக்கையும் எரியவிடும், மிக்ஸியையும் ஓடவிடும், பத்து வருடம் வாயைத் திறக்காது.

மூன்று துளை பிளக் பாயிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பெரிய துளைதான் எர்த். ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உலோக உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டு போக வேண்டியது அது. பழைய வீடுகளில் பல பாயிண்டுகளுக்கு எர்த் ஒயர் வந்திருக்காது. முறையாகப் போர்டிலிருந்து இழுத்து வர ஒரு நாள் ஆகும், சுவரில் காடி வெட்ட வேண்டியிருக்கும். நம்ம ஆள் அதற்கெல்லாம் நிற்க மாட்டார். பக்கத்துத் துளையின் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை வளைத்து எர்த்தில் முடுக்கிவிடுவார். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் எரியும். ஃபிரிட்ஜ் குளிரும். வீட்டுக்காரருக்குத் திருப்தி. என்றைக்காவது மெயினில் அந்த நியூட்ரல் லூசாகி விட்டுப்போனால், 230 வோல்ட் அப்படியே ஃபிரிட்ஜின் கதவுக்கு வந்து நிற்கும். ஃபியூஸ் போகாது. எம்.சி.பி. விழாது. கதவைத் திறக்க யார் வருகிறார்களோ அவர்கள் பாடு.

இதைச் செய்தவருக்கு இருபது வருட அனுபவம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்த இருபது வருடத்தில் ஒரு நாள்கூட இது தவறு என்று அவருக்குத் தெரியவந்திருக்காது. ஒரே தவறை நூறு வீட்டில் செய்து, நூறு வீட்டிலும் நல்ல பேர் வாங்கியிருப்பார். அனுபவம் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் தவறு உடனே தெரிய வேண்டும். இங்கே அது மீட்டரில் அளந்தால்தான் தெரியும்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் இன்னொரு கதையும் உண்டு. திண்ணை, ரேழி, முற்றம் என்று நீளமாகப் போகிற வீடுகள். மரச்சட்டம் அடித்து அதன்மேல் ஒயர் ஓடிய காலத்தில் பலரும் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டுக் கட்டிவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் போனதால் அது ஒருமாதிரி வேலை செய்தது. பிறகு பிளம்பர் வந்தார், துருப்பிடித்த இரும்பைக் கழற்றிவிட்டு பி.வி.சி. போட்டார். எர்த் அன்றோடு போயிற்று. ஒயர் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது, பார்க்கிறவர்கள் எர்த் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள. முற்றத்து மூலையில் தனியாக எர்த் குழி வைத்திருந்த வீடுகளிலும் டைல்ஸ் ஒட்டுகிறபோது அதன்மேல் சேர்த்து ஒட்டியாயிற்று. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டிய குழி இங்கே இருந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. விடியற்காலை வாசல் தெளித்துவிட்டு, ஈரக்கையும் வெறுங்காலுமாகப் போய் மோட்டார் சுவிட்சைப் போடுகிற மாமிக்கு இந்த வரலாறெல்லாம் எப்படித் தெரியும்?

சித்திரை, வைகாசியில் அடுத்த கூத்து. ஏ.சி., கெய்சர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் ஒரே லைனில் ஓட, எம்.சி.பி. விழுகிறது. ஒன்றரை டன் ஏ.சி. ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் கெய்சர் ஒன்பது ஆம்பியர், இண்டக்ஷனும் ஏறத்தாழ அவ்வளவே. மொத்தம் இருபத்தைந்தைத் தொடுகிறது. சுவருக்குள் பைப்பில் போகிற 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் நிம்மதியாகத் தாங்குவது சுமார் பதினைந்து. "ட்ரிப்பர் வீக்காயிடுச்சு சார்" என்று சொல்லி 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டுவிடுவார் நம்ம ஆள். அதன்பிறகு விழுவதே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

எம்.சி.பி. ஏ.சி.யைக் காப்பாற்ற வைத்த பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒயரில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். வீட்டு ஒயரின் பி.வி.சி. உறை பொதுவாக 70 டிகிரிக்கு மேல் தாங்காது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் வழியில் இருந்தால் அந்த இடத்தில் இன்னும் சீக்கிரம் கருகும். விழுந்துகொண்டிருந்த எம்.சி.பி. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டோம்.

ஆளைக் காப்பாற்றுவது வேறு கருவி. ஆர்.சி.சி.பி. என்றும் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசைந்துகொடுக்க அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேல் ஓட வேண்டும், அதற்குள் மனிதன் போய்விடுவான். வீட்டு இணைப்புகளில் இதைப் பொருத்தும்படி மின்வாரியமே சொல்கிறது. நம் வீடுகளில் நடப்பது என்ன? "மழை வந்தா விழுது சார், தொந்தரவா இருக்கு." "பைபாஸ் பண்ணிடறேன் சார்." கசிவு இருக்கிறது என்று சொல்ல வந்த கருவியை வெளியே அனுப்பிவிட்டுக் கசிவை வீட்டோடு வைத்துக்கொள்கிறோம். மின்சாரம் தாக்கி இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள் என்பது அரசின் குற்ற ஆவணக் காப்பகமே வெளியிடுகிற கணக்கு.

நெருப்புக்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2004 ஜனவரி 23, தை வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஓலைப் பந்தலின் கீழ் முகூர்த்தம். வீடியோ எடுக்க இழுத்த மின் ஒயரில் கிளம்பிய தீ பந்தலில் பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அங்கே தீ தொடங்கியது சமையற்கூடத்தில், கூரை அங்கும் ஓலை. இரண்டையும் பார்த்துத் தமிழ்நாடு ஒரு பாடம் கற்றது: ஆள் கூடும் இடத்தில் ஓலை ஆகாது. நியாயமான பாடம்தான், ஆனால் ஸ்ரீரங்கத்தைப் பொறுத்தவரை பாதிப் பாடம். ஓலை எரிந்தது, பொறி வந்தது ஒயரிலிருந்து. ஓலையைப் பிரித்துப் போட்டோம், ஒயரை அப்படியே விட்டுவிட்டோம். இன்றும் விசேஷ வீடுகளில் சீரியல் செட்டுக்கு லைன் எடுக்கிறவர், பிளக்கூட இல்லாமல், உரித்த இரண்டு ஒயர் முனைகளைத் துளையில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவதைப் பார்க்கலாம். தீக்குச்சியேதான்.

மண்டபத்தில் இழுத்தது தற்காலிக லைன், வீட்டு ஒயரிங்கோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஆள் வேறா? டேப் வேறா? வீட்டில் நாம் தற்காலிகமாகப் போட்ட எக்ஸ்டென்ஷன் எத்தனை வருடமாக அதே இடத்தில் கிடக்கிறது?

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மழுப்பக் கூடாது. லைசென்ஸ்காரர் வேலை நடக்கிற இடத்துக்கே வருவதில்லை என்பார்கள். புது சர்வீஸுக்கு எழுதிப்போடும்போது ஒயரிங் சான்றில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அதை வாங்கிக்கொடுக்க ஆள் உண்டு, அதற்கொரு ரேட்டும் உண்டு. வீட்டைப் பார்க்காமலே சோதனை அளவுகளை நிரப்பிவிடுவார்கள். நடக்கிறது, ஊருக்கே தெரியும். அப்படியிருக்க லைசென்ஸுக்கு என்ன மதிப்பு?

நான் திருப்பிக் கேட்கிறேன். அந்தக் கையெழுத்தை விலைக்கு வாங்குவது யார்? நாம்தான். மேஸ்திரி சொன்னார், பில்டர் சொன்னார் என்று காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, காகிதத்துக்கு மதிப்பில்லை என்று நாமே சொல்லித் திரிகிறோம். கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும், மெக்கர் வைத்து என் எதிரில் அளக்க வேண்டும் என்று தெருவுக்கு நான்கு பேர் பிடிவாதம் பிடித்தால் இந்த வியாபாரம் சுருங்கும். மெக்கர் என்பது ஒயர்களுக்கு நடுவே 500 வோல்ட் கொடுத்து உறை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் லைனைக் கொடுக்கக் கூடாது. பெல்லில் எடுக்கிற எக்ஸ்ரேவுக்கு நம் வீட்டில் சமம் இதுதான். வருகிற எலெக்ட்ரீஷியனிடம் "மெக்கர் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சட்டமும் நம்மைப் படுத்தி எடுக்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி சொன்னதையே, மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் சொல்லின. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, லைனின் திறனையும் தன்மையையும் மாற்றாமல், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் ஒயர் சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். ஒரு பல்பு மாட்ட லைசென்ஸா என்று கேலி செய்கிறவர்கள் இந்த வரியைப் படித்ததில்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. அசம்பாவிதம் நடந்த பிறகு ஈ.பி.யைத் திட்டிப் பயனில்லை.

செலவைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஏ.சி.க்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து, கூடவே ஸ்டெபிலைசரும் வாங்குகிறவர், அதற்கு லைன் இழுக்கிற கூலியில் மட்டும் பேரம் பேசுகிறார் என்றால் அதற்குப் பேர் சிக்கனமில்லை.

நம்ம ஆளைத் தெருவில் விடச் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். இந்த நம்பிக்கைக்கு முதல் பலி அவர்தான். மெயினை நிறுத்தாமல் ஏணியில் ஏறச் சொல்வது நாம், விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டாயிரம் கொடுத்து ஒதுங்கிக்கொள்வதும் நாம். சான்று வாங்கப் பெரிய படிப்பு வேண்டுமே என்பதும் சரியில்லை. மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு நடத்துகிறது. ஒயரிங் தொழிலில் ஐந்து வருட அனுபவமும் 21 வயதும் கேட்கிறார்கள், உச்ச வயது வரம்பு கிடையாது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். அது முதல் படி. அதற்கு மேலே கம்பியாள், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் என்று சென்னை கிண்டியில் இருக்கிற மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் படிகள் இருக்கின்றன. இருபது வருடம் உங்கள் வீட்டுக்கு உழைத்தவர் மேல் உண்மையான பிரியம் இருந்தால், தேர்வுக் கட்டணத்தைக் கட்டி அவரை எழுத வையுங்கள். சான்று வரும்வரை பெரிய வேலைகளை உரிமம் உள்ளவரின் கீழ் அவர் செய்யட்டும்.

இன்று மாலை உங்கள் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்றோ, வெறுமனே டி என்றோ எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்க வேண்டும். அமுக்கினால் லைன் பட்டென்று போக வேண்டும். போகாவிட்டால், அல்லது அப்படியொரு பொத்தானே இல்லாவிட்டால், புது ஏ.சி. காத்திருக்கட்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒருவரை வரச்சொல்லுங்கள்.