டொரண்ட்டின் மீது சாற்றப்படும் நான்கு குற்றங்கள்

கணிப்பொறியோடு நன்கு பழகியவர்களிடையே கூட, டொரண்ட் என்ற பெயர் காதில் விழுந்தவுடன் ஓர் அபிப்பிராயம் தயாராக எழுந்து நிற்பதைப் பார்க்கிறோம். அது சினிமாத் திருட்டுக்கென்றே பிறந்த சாதனம். அதன் வழியே வருவதெல்லாம் வைரஸ். துணிந்து நிறுவிப் பார்த்தாலும் பூஜ்யத்திலேயே நின்றுவிடும். இந்தக் காலத்தில் அதற்கு அவசியமும் இல்லை. இந்த நான்கும் சேர்ந்ததுதான் அந்த அபிப்பிராயம். பெரிய கோப்பொன்றை நியாயமான காரியத்திற்காகப் பெற வேண்டியிருக்கும் மாணவரும், கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய கணிப்பொறிகளில் லினக்ஸ் போட விரும்பும் ஆசிரியரும், இந்த அபிப்பிராயத்துக்கு அஞ்சி, தங்கள் வேலைக்கு மிகவும் பொருத்தமான வழியை விட்டு விலகிப் போகிறார்கள். ஆகையால் அதன் ஒவ்வோர் அம்சத்தையும் தனித்தனியே எடுத்து, அதில் உண்மை எவ்வளவு, கேள்விஞானம் எவ்வளவு என்று பரிசீலிப்பது அவசியமாகிறது.

திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. வெளியான அன்றே படங்கள் டொரண்ட் வழியே பரவியதும், அதனால் தமிழ்த் திரைத் தொழிலில் இருப்பவர்கள் நஷ்டமடைந்ததும் உலகறிந்த விஷயம். அந்த நஷ்டத்தைச் சிறிதென்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் ஒரு சாதனம் எதற்காகச் செய்யப்பட்டது, எப்படி இயங்குகிறது என்பதைப் பாராமல், அதைத் தவறாகப் பயன்படுத்தியவர்களைக் கொண்டு மட்டும் தீர்ப்பளிப்பது நியாயமாகாது. 1999இல் தோன்றிய நாப்ஸ்டர், யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியலைத் தன் சொந்த சர்வர்களில் வைத்திருந்தது; நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளாகி 2001 ஜூலையில் தன் வலையை நிறுத்திவிட்டது. அதே மாதத்தில் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட பிட்டொரண்ட், நாப்ஸ்டரைப் போன்றதன்று. கோப்புகளைத் தேடித் தரும் வசதியே அதில் அமையவில்லை. ஒரே பெரிய கோப்பை ஏராளமானவர்கள் ஒரே சமயத்தில் கேட்கும்போது, கொடுப்பவரின் இணைப்பு முறிந்துபோகாமல் காப்பது எப்படி என்ற ஒரே பிரச்சினைக்குத்தான் அவர் பரிகாரம் தேடினார்.

நான்கு ஜிகாபைட் கோப்பொன்றை ஆயிரம் பேருக்குத் தனித்தனியே வழங்கும் சர்வர் நாலாயிரம் ஜிகாபைட்டை அனுப்பியாக வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடிந்தவர்கள் மட்டுமே பெரிய கோப்புகளை விநியோகிக்கலாம் என்ற நிலை அதனால் ஏற்படுகிறது. கோஹனின் முறையில், கோப்பு பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டோ சில மெகாபைட்டோ கொண்ட துண்டுகளாக வகுக்கப்பட்டு, ஒரு துண்டைப் பெற்றவர் அதை அடுத்தவருக்குத் தருகிறார். எந்தத் துண்டு மிகச் சிலரிடமே இருக்கிறதோ அதை முதலில் பெறுவதென்ற விதியினால், மூலப் பிரதி வைத்திருந்தவர் விலகிய பின்பும் கோப்பு சிதையாமல் கூட்டத்தில் தங்கிவிடுகிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தங்கள் நிறுவல் கோப்புகளை இப்படித்தான், தாங்களே முன்வந்து, டொரண்ட்டாகவும் தருகிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 ஆகஸ்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் இதே வழியில் திறந்து வைத்தது. இவற்றில் திருட்டு எங்கே இருக்கிறது?

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே நடந்திருக்கிறது. வீடியோ பதிவுக் கருவியைப் பற்றி 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நியாயமான உபயோகம் கணிசமாக உள்ள ஒரு கருவியை விற்றதற்காக மட்டும் விற்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது. 2005இல் குராக்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு நிறுவனத்தின் வழக்கில், உரிமை மீறலுக்குத் தூண்டும் நோக்கத்தோடு ஒன்றை விநியோகிப்பவர் பொறுப்பாளி என்று அதே நீதிமன்றம் கூறியபோதும், கண்டிக்கப்பட்டது அந்த நிறுவனத்தின் நோக்கமே தவிர, கணிப்பொறிகள் நேரடியாகக் கோப்பைப் பகிரும் முறையன்று. நம் சென்னையிலும் 2012இல், '3' முதலிய படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கப் பெற்ற உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் முழுமுழுத் தளங்களையே முடக்கிவிட, அவற்றில் நியாயமான வீடியோ தளமான விமியோவும் அகப்பட்டுக் கொண்டது. பிறகு உயர் நீதிமன்றமே, தடை குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே உரியதென்று விளக்க நேர்ந்தது. திருட்டுப் படத்தை இறக்குவது குற்றம்; டெபியனை இறக்குவது குற்றமன்று. இரண்டையும் ஒரே மென்பொருள் செய்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

வைரஸைப் பற்றிய பயம் இதைவிட ஆழமானது. ஆனால் அது தவறான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. முன்பின் அறியாதவர்களிடமிருந்து துண்டு துண்டாக வரும் கோப்பில் யார் எதைக் கலப்பார்களோ என்பது கேட்பதற்கு நியாயமான சந்தேகமே. ஆனால் டொரண்ட் கோப்பு என்பது, உண்மையில், ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கிட்டு வைத்த முத்திரை எண்களின் பட்டியல். வந்து சேரும் துண்டின் ஹாஷ் எனப்படும் இந்த முத்திரை அந்தப் பட்டியலோடு ஒத்துப் போகாவிட்டால், அனுப்பியவர் எவராயினும், மென்பொருள் அதை எறிந்துவிட்டு வேறிடத்தில் மீண்டும் கேட்கும். பழைய எஸ்.எச்.ஏ.-1 முறையில் ஒரே முத்திரை கொண்ட இரு வேறு கோப்புகளை வேண்டுமென்றே ஆக்க முடியும் என்று 2017இல் நிரூபிக்கப்பட்டதன் பின், பிட்டொரண்ட்டின் இரண்டாம் பதிப்பு அதைவிட வலிய எஸ்.எச்.ஏ.-256க்கு மாறியிருக்கிறது. ஆக, நடுவழியில் கலப்படம் நடப்பதற்கு இடம் மிகக் குறைவு.

இதற்கு 2016 பிப்ரவரியில் நடந்ததைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. லினக்ஸ் மிண்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்த விஷமிகள், அங்கிருந்த பதிவிறக்கச் சுட்டியை மாற்றி, கெடுக்கப்பட்ட நிறுவல் கோப்பை இறக்கும்படி செய்துவிட்டார்கள். அதிகாரபூர்வமான தளத்திலிருந்து பெறுகிறோம் என்று நிம்மதியாகச் சுட்டியை அழுத்தியவர்களுக்கே ஆபத்து நேர்ந்தது, டொரண்ட் வழியே பெற்றவர்களுக்கு இல்லை என்று மிண்ட் குழுவினரே அறிவித்தார்கள். எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. பட்டியலைத் தயாரித்தவரே கெட்டவராயின், அந்தக் கெட்ட கோப்பைத்தான் ஹாஷ் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே டொரண்ட் கோப்பையோ, அதற்குப் பதிலாகப் பயன்படும் மேக்னட் சுட்டியையோ அதை வெளியிட்டவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். மென்பொருளையும் அப்படியே பெற வேண்டும். விளம்பரமும் வேண்டாத துணை நிரல்களும் ஒட்டிக்கொண்டு வரும் இலவசப் பதிப்புகளை விட்டு, மூலநிரல் திறந்துள்ள க்யூபிட்டொரண்ட், டிரான்ஸ்மிஷன் போன்றவற்றை நாடுவது நலம். அவையும் எச்சரிக்கைக்கு அப்பாற்பட்டவை அல்ல: 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் மேக் நிறுவல் கோப்பிலேயே கப்பம் கேட்கும் நிரல் ஒன்றைச் சிலர் புகுத்திவிட்டார்கள். அதுவும் நேரடிப் பதிவிறக்கத் தளத்தில் நிகழ்ந்ததே.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. 'போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை' என்பது. நடைமுறையில் மனிதரைத் தடுத்து நிறுத்துவது இதுவே. எனவே சற்று விரிவாகவே பேச வேண்டும். முதலில் செய்ய வேண்டியது, நோய் எங்கே இருக்கிறதென்று அறிவது. உபுண்டு அல்லது டெபியனின் அண்மைப் பதிப்பு டொரண்ட்டைச் சேர்த்துப் பாருங்கள். அவற்றை எப்போதும் ஏராளமானவர்கள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அது விரைந்து வருமானால் உங்கள் மென்பொருளிலும் இணைப்பிலும் குறையில்லை. நீங்கள் முன்னே கேட்ட கோப்பை முழுமையாக வைத்திருப்பவர் இப்போது எவரும் இல்லை என்பதே பொருள். அப்படி முழுமையாக வைத்திருப்போரின் எண்ணிக்கையைக் காட்டும் சீடு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், எந்த அமைப்பைத் திருகினாலும் பயனில்லை. மேக்னட் சுட்டி 'விவரம் பெறப்படுகிறது' என்ற நிலையிலேயே நெடுநேரம் நின்றாலும் பெரும்பாலும் இதுவே காரணம், அல்லது கோப்பைப் பகிரும் கூட்டாளிகளை ஒருவர் மூலம் ஒருவர் கண்டறிய உதவும் டி.எச்.டி. என்ற வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். கூட்டாளிகளின் முகவரிகளைத் தரும் சர்வரான டிராக்கரின் வரிசையில் பிழைச் செய்தி வந்தவுடன் பலர் மனம் தளர்ந்து விடுகிறார்கள். டி.எச்.டி. இயங்கும்போது, டிராக்கர் பதில் சொல்லாவிட்டாலும் கூட்டாளிகள் கிடைப்பார்கள்.

உபுண்டுவும் ஊர்ந்து வந்தால், குறை நம் வீட்டில் என்று தெளியலாம். வெளியிலிருந்து நம்மை அழைக்க முடியாத நிலைதான் அத்தகைய குறைகளுள் முதன்மையானது. ஃபயர்வால் மென்பொருளை அனுமதித்திருக்கிறதா, ரௌட்டரில் போர்ட்டைத் தானாகத் திறக்கும் யூபிஎன்பி வசதி இயங்குகிறதா என்று பார்த்து, இல்லையேல் மென்பொருளில் உள்ள போர்ட் எண்ணை ரௌட்டரிலும் நாமே குறித்துத் தர வேண்டும். பழைய 6881 முதல் 6889 வரையிலான எண்களைவிட வேறோர் உயர்ந்த எண்ணைத் தேர்வது நல்லது. இதைச் செய்தும் பயன் இல்லையென்றால், ரௌட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள்: அது 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். நம் நாட்டுக் கைபேசி இணையத்தில் இது சர்வ சாதாரணம். அப்போது போர்ட் திறப்பு பலிக்காது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் அதை இயக்குவதே வழி. அது இல்லாவிட்டாலும், திறந்த நிலையில் உள்ள பிறரை நாம் அழைத்துப் பெறலாம் என்பதால் வேலை நடக்கும். சற்றே மெதுவாக நடக்கும்.

அடுத்து, அனுப்பும் வேகம். பிறருக்குத் தருவது நஷ்டமென்று எண்ணி அதைப் பூஜ்யத்துக்கு அருகில் கட்டுப்படுத்துபவர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். கோஹன் வகுத்த மூல விதிப்படி, மென்பொருள் பத்து விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, தனக்கு நன்றாகத் தருபவர் சிலருக்கே தானும் தருகிறது. கலியாண வீட்டில் நாம் எழுதிய மொய்யைப் புரட்டிப் பார்த்து நமக்கு எழுதுவதைப் போன்ற ஏற்பாடு அது. முப்பது விநாடிக்கு ஒருமுறை, எதுவும் தராத புதியவர் ஒருவருக்கும் வாய்ப்பளிப்பதால்தான் கையில் ஒன்றும் இல்லாமல் வருபவரும் தொடங்க முடிகிறது; முதல் சில நிமிஷங்கள் மந்தமாக இருப்பது கோளாறன்று என்பதும் இதனால் விளங்கும். ஆனால் எல்லையே வைக்காமல் அனுப்பினாலும் ஆபத்து உண்டு: மேல்நோக்கிய பாதை நிரம்பிவிட்டால், பெற்றுக்கொண்டோம் என்ற சிறு அறிவிப்புகள் கூட வெளியேற முடியாமல் வீட்டின் இணையம் முழுவதும் திணறும். உங்கள் அனுப்பும் வேகத்தை அளந்து, அதில் ஐந்தில் நான்கு பங்கை எல்லையாக வைத்துவிட்டால் இந்த இரண்டு துன்பமும் நீங்கும். 40 மெகாபிட் இணைப்பு வாங்கியவருக்குத் திரையில் 5 மெகாபைட் என்று தெரிவது மோசடியன்று, எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கே.

பென்டிரைவில் நேராக இறக்கும்போது நான்கு ஜிகாபைட்டில் பிழை வந்து நின்றால், அது ஃபேட்32 அமைப்பின் எல்லை. டொரண்ட்டின் மீது பழி போடுவதற்கில்லை. கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தியபின் மென்பொருள் அதைக் காணவில்லை என்றால், புது இடத்தைக் காட்டி மறுபரிசோதனை செய்யச் சொன்னால் போதும். இருப்பதை ஏற்று, இல்லாததை மட்டும் கேட்கும்.

சில சமயம் குற்றவாளி இணைய நிறுவனமாகவே இருக்கக்கூடும். 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரண்ட் இணைப்புகளைப் பொய்யான செய்திகளால் இடையில் அறுத்து வந்ததை, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோதித்து வெளிப்படுத்தியது. அந்தச் சோதனையில் அறுபட்டது எந்த உரிமைக்கும் உட்படாத பழைய பைபிள் மொழிபெயர்ப்பு. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அச்செயலைக் கண்டித்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென்று 2010இல் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தைத் தள்ளியது வேறு விஷயம்.

அவசியமே இல்லை என்ற கடைசி வாதம், இணையம் எல்லா ஊரிலும் நகரத்து வேகத்தில் ஓடுகிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. பல ஜிகாபைட் கோப்பொன்று தொண்ணூறு சதவிகிதம் வந்தபின் மின்சாரம் போய், உலாவி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு, விட்ட இடத்தில் தொடர்வதும், தொடர்ந்தது பழுதில்லாததென்று துண்டு துண்டாகச் சரிபார்ப்பதும் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இணையமே இல்லாத வகுப்பறையிலும் விக்கிப்பீடியாவைப் படிக்க வகை செய்யும் கிவிக்ஸ் திட்டம், தமிழ் விக்கிப்பீடியா உட்படத் தன் தொகுப்புகளை டொரண்ட்டாகவும் வழங்குகிறது. ஒரு முறை அதை இறக்கிக்கொண்ட பள்ளி, பக்கத்துப் பள்ளிக்கும் துண்டுகளைத் தர முடியும். பகிர்வோர் குறைந்த கோப்புகளின் கதி என்ன என்று கேட்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் டொரண்ட் கோப்புகளுக்குள் தன் சொந்த சர்வரின் முகவரியையும் ஒரு மூலமாக எழுதி வைத்திருக்கிறது. கூட்டாளி ஒருவரும் இல்லாத வேளையில் மென்பொருள் அங்கே சென்று துண்டுகளைப் பெற்றுக்கொள்ளும், வேறொருவர் வந்து சேர்ந்தால் அவரிடமும் பெறும்.