திரைக்கதை இலக்கியமாகாதா?

தமிழ்த் திரைப்படங்களில் கதையே இல்லை என்று நம் இலக்கிய உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புலம்பி வருகிறது. புலம்புவோரிடம் எளிய வினா ஒன்றை முன்வைக்கிறோம். நீங்கள் கடைசியாக வாசித்த தமிழ்த் திரைக்கதை எது? பார்த்த படத்தைக் கேட்கவில்லை. ஒரு நாவலை வாசிப்பதுபோல் தாளில் வாசித்து, நண்பர்களோடு விவாதித்த திரைக்கதையைக் கேட்கிறோம். பெரும்பாலோரிடம் விடை இராது. திரைக்கதையாசிரியன் என்றொரு தொழில்முறை எழுத்தாளன் தமிழில் வேரூன்றாமல் போனதற்குத் தயாரிப்பாளர்களின் கைச்சிக்கனமும் நாயகர்களின் தலையீடும் காரணங்களே. ஆனால் அந்த எழுத்தை எழுத்தாகவே ஏற்க மறுத்த இலக்கியவாதிகளின் பங்கு அவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே நம் குற்றச்சாட்டு.

வசனத்தையும் திரைக்கதையையும் ஒன்றெனக் கொண்டதில் தொடங்குகிறது இந்தக் குழப்பம். நாடக மேடையிலிருந்து பிறந்த தமிழ்ப் பேசும்படம் மேடையின் நாவன்மையையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டது. 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழறியாதவர். அப்படத்தில் இளங்கோவன் எழுதிய உரையாடல் வசனகர்த்தா என்ற பெயருக்கே தனி மதிப்பைத் தேடித் தந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது அம்மதிப்பு உச்சத்தைத் தொட்டது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம் அதன் மூலம்; இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. ஆயினும் மக்கள் நெஞ்சில் தங்கியது மு. கருணாநிதியின் வசனம். அதன் மொழியழகையும் அரசியல் வலிமையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வெற்றியிலிருந்து தமிழகம் கற்றுக்கொண்ட பாடம் கோணலானது. திரையில் எழுத்தாளனின் வேலை பேச்சை எழுதுவது மட்டுமே என்று முடிவு கட்டிவிட்டோம். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி, எதை முன்கூட்டிச் சொல்வது, எதை மறைப்பது, யார் எப்போது எதை அறிகிறார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பவனுக்கு நம் இலக்கிய வரலாற்றில் ஒரு பத்திகூட இல்லை.

சான்றுக்கு இந்திப் படமொன்றைக் காட்டலாம். சலீம்-ஜாவேத் எழுதி 1975இல் வெளிவந்த ‘தீவார்’ தமிழில் ‘தீ’ (1981) என்று மறுஆக்கம் பெற்றதை நம் வாசகர்கள் அறிவார்கள். கடத்தல்காரனாகிவிட்ட அண்ணன் தன் செல்வங்களை அடுக்கிக் காட்டி, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். காவல் அதிகாரியான தம்பி தாயைச் சொல்லி நான்கே சொற்களில் விடையளிக்கிறான். இந்தித் திரையுலகின் மிகப் புகழ்பெற்ற வசனம் இது. ஆனால் அந்த நான்கு சொற்களில் அலங்காரமோ அடுக்குமொழியோ இல்லை. தனியே எடுத்தால் எந்த வீட்டிலும் எவரும் பேசக்கூடிய பேச்சு. அதன் கனம் வேறெங்கிருந்தோ வருகிறது. தந்தைக்கு நேர்ந்த இழிவு சிறுவனின் கையில் பச்சை குத்தப்படுகிறது. அவன் வளர்ந்து ஈட்டிய செல்வத்தின் மூலத்தை அறிந்த தாய் அவன் மாளிகையைவிட்டு இளையவனோடு வெளியேறுகிறாள். இவை முன்பே வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருப்பதால்தான் அவ்விடை வெட்டுகிறது. நாம் வசனத்துக்குக் கைதட்டுகிறோம். கைதட்டலைச் சம்பாதித்தது திரைக்கதை.

அந்த இரட்டையர்கள்கூடத் தம் பெயருக்காகத் தாமே போராட வேண்டியிருந்தது. 1973இல் ‘சஞ்சீர்’ வெளியானபோது, பம்பாய்ச் சுவரொட்டிகளில் விடுபட்ட தங்கள் பெயரை ஆள் வைத்து எழுதச் செய்தவர்கள் அவர்கள். பின்னர் அப்பெயரே வணிக மதிப்பாயிற்று. ‘டான்’ இங்கே ‘பில்லா’ (1980) ஆயிற்று. ‘திரிசூல்’ ‘மிஸ்டர் பாரத்’ (1986) ஆயிற்று. ரஜினிகாந்த் என்னும் நாயகப் பிம்பம் உருவானதில் அவர்களது எழுத்துக்கு உள்ள பங்கைத் தமிழ் ஆய்வாளர் எத்தனை பேர் ஆராய்ந்திருக்கிறார்கள்?

நம் படங்களின் பெயரட்டையைப் பாருங்கள்: கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என நான்கும் பெரும்பாலும் ஒரே பெயரில் முடிகின்றன. நான்கையும் ஆளவல்ல மேதைகள் உண்டு, மகேந்திரன் அத்தகையவர். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து புறப்பட்டு ‘உதிரிப்பூக்கள்’ (1979) என்ற முற்றிலும் வேறான படைப்பை அவரால் எழுப்ப முடிந்தது. ஆனால் விதிவிலக்கை விதியாக்கியதன் விளைவு வேறு. அறையொன்றில் ‘டிஸ்கஷன்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் அமர்ந்து காட்சிகளைக் கட்டித் தரும் உதவி இயக்குநர்கள் பேட்டாவோடும் சாப்பாட்டோடும் நிறைவடைய வேண்டியிருக்கிறது. ‘நாளைக்கு நீயும் டைரக்டர் ஆவாய்’ என்னும் வாக்குறுதியே அவர்களது ஊதியம். இயக்க விரும்பாமல் எழுத மட்டும் விரும்புகிறவனுக்கு அங்கே நாற்காலி இல்லை. ‘அன்னக்கிளி’ (1976) முதல் பல படங்களுக்குக் கதை தந்த ஆர். செல்வராஜ் போன்றோரின் பெயர் திரைத்துறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

கதையை எழுதாமல் வாயால் சொல்லியே வாய்ப்புப் பெறும் வழக்கம் இதனோடு சேர்ந்து எழுத்தாளனின் கழுத்தை இறுக்குகிறது. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், வெறும் கருவுக்குக் காப்புரிமை இல்லை, அதன் வெளிப்பாட்டு வடிவத்துக்கே உண்டு என்று தெளிவுபடுத்தியது. அப்படியெனில் தாளில் ஏறாத கதை காற்றில் விட்ட கதைதான். 2018இல் ‘சர்கார்’ படத்தையொட்டி எழுந்த சர்ச்சையை நினைவுகூரலாம். ‘செங்கோல்’ என்ற பெயரில் 2007இலேயே எழுத்தாளர் சங்கத்தில் பதிவான கதையொன்றை முன்வைத்து உதவி இயக்குநர் ஒருவர் உரிமை கோரினார். உயர் நீதிமன்றம்வரை சென்ற விவகாரம் சமரசத்தில் முடிந்தது. நியாயம் யார் பக்கம் என்று நாம் தீர்ப்புரைக்க வரவில்லை. பதிவு செய்த தாள் ஒன்று இருந்ததால்தான் அவரால் கேள்வியே எழுப்ப முடிந்தது என்பதை மட்டும் சுட்டுகிறோம். 2012ஆம் ஆண்டுக் காப்புரிமைத் திருத்தமும் இங்கே கருதத்தக்கது. படத்தில் இடம்பெறும் இலக்கியப் படைப்பு திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் சமபங்கு ஆசிரியருக்கு உரியது. வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் அவர் அதை விட்டுக்கொடுக்க இயலாது. சட்டம் திரைக்கதையை ‘இலக்கியப் படைப்பு’ என்கிறது. நம் விமர்சகர்களோ அதை இலக்கியம் என்று அழைக்க நாக்கூசுகிறார்கள்!

மலையை ஒட்டிய அண்டை நிலத்தில் நிலைமை வேறு. நாவலாசிரியராகவும் மாத்ருபூமி வார இதழின் ஆசிரியராகவும் விளங்கி, 1995ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்ற எம். டி. வாசுதேவன் நாயர், திரைக்கதைக்காக மட்டும் 4 முறை தேசிய விருது பெற்றார். வடக்கன் பாட்டுகள் துரோகியென்று பழித்த சந்துவை ‘ஒரு வடக்கன் வீரகாதா’வில் (1989) வஞ்சிக்கப்பட்டவனாக நிமிர்த்தியது அவர் எழுத்து. இயக்கியவர் ஹரிஹரன், ஆயினும் அதை எம். டி.யின் படைப்பாகவும் கொண்டாட மலையாளிக்குத் தயக்கமில்லை. அவர் திரைக்கதைகள் நூல்களாக அச்சேறின, வாசிக்கப்பட்டன. 2024இல் அவர் மறைந்தபோது நாவலாசிரியரைப் போலவே திரைக்கதையாசிரியருக்கும் கேரளம் அஞ்சலி செலுத்தியது. நாமோ, ‘ராஜமுக்தி’க்காகப் புனே சென்று நோயோடு திரும்பி 1948இல் மறைந்த புதுமைப்பித்தனைக் காட்டி, ‘சினிமாவுக்குப் போனால் இதுதான் கதி’ என்று மூன்று தலைமுறை இளைஞர்களை அச்சுறுத்திக்கொண்டிருக்கிறோம்.

மறுப்புகளும் வரும். திரைக்கதை வெறும் வரைபடம், படமே படைப்பு என்பார்கள். மேடைக்கன்றிப் படிப்பதற்கென்றே 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீய’த்தை நாடக இலக்கியம் என்று வகுப்பறையில் நடத்துகிறோம். கோடிக்கணக்கான மக்கள் கண்ட காட்சிகளின் மூல எழுத்துக்கு மட்டும் ஏன் அந்த இடம் மறுக்கப்படுகிறது? காசுக்கு எழுதுவது என்பார்கள். பரிசில் பெறப் பாடியது இழிவென்றால் புறநானூற்றில் எத்தனை பாடல்கள் எஞ்சும்?

எனவே நாம் கோருவது இரக்கத்தை அன்று. சிற்றிதழ்கள் ஆண்டுக்கு இரண்டு திரைக்கதைகளையேனும் முழுமையாக வெளியிட்டு, நாவலுக்குரிய கறாரோடு அவற்றை விமர்சிக்கட்டும். தமிழ்த்துறைகள் நாடகத் தாளில் திரைக்கதைக்கும் ஓர் அலகு ஒதுக்கட்டும். 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த திரைக்கதைக்கான பரிசைப் பகிர்ந்துகொண்ட ‘பார்க்கிங்’ ஒரு தமிழ்ப்படம். ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக இருவர் கொள்ளும் பகை எவ்வாறு படிப்படியாக ஏறுகிறது என்பதைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்க்க அது நல்ல பாடம். தயாரிப்பாளர்கள் எழுதுபவனோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யட்டும். பெயரட்டையில் அவன் பெயரைத் தனியே போடட்டும். இளைஞர்கள் கதையைச் சொல்லுமுன் எழுதட்டும், பதிவு செய்யட்டும்.

நம் வகுப்புகளில் காட்சிகளாகவே சிந்திக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து அமர்கிறார்கள். எழுதிப் பிழைக்கலாமா என்று கேட்கும் அவர்களுக்கு இன்றைய தமிழ்ச்சூழல் தரும் விடை, ‘முதலில் இயக்குநராகு’ என்பதே. அந்த விடை மாறாதவரை, படத்தில் கதை இல்லை என்று குறைகூறும் தகுதி நம் இலக்கிய உலகுக்கு இல்லை.