வில்லங்கம் காகிதத்தில் இல்லை

நம் ஊரில் பழைய குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும் பிரான்சில் ஒரு உறவு இருக்கும். எனக்கும் உண்டு. என் சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது இளையவன். 1962-க்குப் பிறகு சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக்கொடுத்தார். அதனால் அவன் பட்டாளத்துக்குப் போய் சொல்தா ஆனான். இந்தியக் குடியுரிமையோடு நின்ற எங்கள் வீட்டில் நான் புதுச்சேரி அரசாங்கத்தில் எழுத்தர் ஆனேன். அவன் ஓய்வு பெற்றபின் ஃப்ரெழூஸ் நகரத்தில் தங்கிவிட்டான். நம் ஊர் சொல்தாக்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

2012-ல் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணே, ஒரு படகு வாங்கப் போறேன். பாய்மரப் படகு. உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்கு. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வருஷத்துல ஆறு மாசம் கரையோரமாவே இருந்துடலாம்னு பார்க்கிறேன். பழசுதான், 14,000 யூரோ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. சிறுவயதில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அலென் ழெர்போ கதையைச் சொல்லியிருக்கிறார். 1892-ல் கட்டிய ஒரு பழைய படகை வாங்கி, 1923-ல் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்தவர். ஜிப்ரால்டரிலிருந்து நியூயார்க் போக 101 நாள். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. வழியெல்லாம் பழைய பாய்கள் கிழிந்துகொண்டே வந்ததையும், அவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டே போனதையும் வாத்தியார் சொல்லத்தான் செய்தார். அது யார் மனதிலும் நிற்கவில்லை. பழையதை வாங்கினால் தையல் வேலை கூடவே வரும் என்பதுதான் அதில் பாடம்.

தம்பி என்னிடம் கேட்டது அபிப்பிராயம். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் நான். உடனே கேட்டேன்: "வில்லங்கம் பார்த்தியா?" பிரான்சில் படகின் மேல் அடமானம் வைக்கலாம். படகு கை மாறினாலும் அடமானம் அதன் கூடவே போகும், நம் ஊரில் மனைக்கு இருப்பதுபோல. அப்போது அதையெல்லாம் சுங்கத்துறையில்தான் பார்க்க வேண்டும். அவனும் ஒழுங்காகப் போய்ப் பார்த்தான். அடமானம் இல்லை, வருடாந்திர வரி பாக்கி இல்லை, படகின் பதிவுப் பத்திரத்தில் உரிமையாளர் பெயர் சரியாக இருந்தது. நகல்களை எனக்கும் அனுப்பினான். பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "எல்லாம் சுத்தம், வாங்கு" என்று சொன்னேன்.

காகிதம் சுத்தம்தான். படகைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படகு 1970-களில் கட்டியது. கண்ணாடி நாரிழை, நீளம் 9 மீட்டர். விற்றவர் நல்ல சாயம் அடித்து வைத்திருந்தார். படகை நீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கவில்லை. அதற்கென்று அங்கே நிபுணர்கள் இருக்கிறார்கள். சில நூறு யூரோ கொடுத்தால் ஒருநாள் முழுக்கச் சோதித்து எழுத்தில் அறிக்கை தருவார்கள். சின்னச் சுத்தியலால் மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் நாம் மண்பானையைத் தட்டி வாங்குகிற மாதிரிதான். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்று கேட்டால் உள்ளே இருக்கிற மரம் ஈரத்தில் ஊறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். தம்பி அந்தச் செலவை மிச்சம் பிடித்தான்.

முதல் வருஷமே காப்பீட்டுக்காரர்கள் பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயதைக் கேட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை அவை. பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அவனுடையதற்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியவில்லை. மொத்தத்தையும் மாற்றினான். பிறகு டீசல் எஞ்சின். இரண்டு வருஷத்தில் கூடுதல் செலவு 11,000 யூரோ. படகு நிறுத்தும் இடத்துக்கு வருஷ வாடகை தனி. படகை வாங்கினால் அந்த இடமும் சேர்ந்து வரும் என்று நினைத்திருந்தான். துறைமுக இடம் ஆளுக்குக் கொடுப்பது, படகுக்கு அல்ல. விற்றவரோடு அதுவும் போய்விட்டது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு, வெளியார் கட்டணத்தில் ஊர் ஊராக நிறுத்தினான்.

இதெல்லாம் பணத்தோடு போனது. மூன்றாம் வருஷம் செப்டம்பரில் நடந்தது வேறு. இருவரும் போர்க்ரோல் தீவுக்குப் போய் நங்கூரம் போட்டிருந்தார்கள். கழிப்பறைக்குக் கடல்நீர் வரும் குழாயின் திருகைத் தம்பி மூடப் போக, அது அவன் கையோடு முறிந்து வந்துவிட்டது. பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைக் கடல்நீர் வருஷக்கணக்கில் தின்றுவிடும். செம்பு மட்டும் ரோஜா நிறத்தில், பிஸ்கோத்து மாதிரி பொருபொருவென்று நிற்கும். படகின் அடியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. தண்ணீர் பீறிட்டு வந்தது. அந்த மாதிரி ஒவ்வொரு குழாய் பக்கத்திலும் கூம்பாகச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கட்டி வைக்க வேண்டுமாம். இவர்களிடம் இல்லை. என் தம்பி பெண்சாதிதான் காய்கறிக் கூடையிலிருந்து ஒரு தடித்த காரட்டை எடுத்துத் திணித்து, அதன்மேல் துணியைச் சுற்றிக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதவி வரும்வரை நாற்பது நிமிஷம். அவளுக்கு நீச்சல் தெரியாது.

அன்று இரவு என்னிடம் பேசினாள். "மாமா, நீங்க எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களாமே?" கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அதற்கடுத்த கோடையில் அதே படகில் ஒரு பகலும் ஓர் இரவும் ஓட்டி கோர்சிகாவின் கல்வி துறைமுகத்துக்குப் போய் வந்தார்கள். விடியற்காலையில் மலை தெரிந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இராது. ஆனால் குளிர்காலத்தில் படகில் குடியிருக்க முடியவில்லை. துணியெல்லாம் பூஞ்சை, மிஸ்திரால் காற்றில் இரவெல்லாம் ஆட்டம். பிறகு அவனுக்கு முழங்கால் போனது. விற்கப் பார்த்தான், நிறுத்த இடமில்லாத பழைய படகை யார் வாங்குவார்? 2019 முதல் அந்த நாட்டில் பழைய படகுகளை உடைத்து அப்புறப்படுத்த ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. உடைக்கக் காசு கேட்பதில்லை, ஆனால் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் செலவு. 2021-ல் அங்கேதான் முடிந்தது.

இப்போது என் அபிப்பிராயம். வயதான காலத்தில் படகு வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கும் விலையை விலை என்று நினைப்பதுதான் தப்பு. ஜோஷுவா ஸ்லோகம் என்கிற அமெரிக்கக் கப்பல் தலைவருக்கு 1892-ல் வயல்வெளியில் கிடந்த ஒரு கிழட்டுப் படகு சும்மாவே கிடைத்தது. அவர் அதன் பலகைகளை மாற்றிப் புதிதாகக் கட்ட 13 மாதம் உழைத்தார். பொருட்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட் என்று சென்ட் வரை எழுதி வைத்திருக்கிறார். அதன்பிறகே 1895-ல் புறப்பட்டு, 1898-ல் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதராகத் திரும்பினார். இலவசமாகக் கிடைத்த படகையே அவர் அப்படிப் பார்த்தார்.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அங்கிருந்து கூப்பிட்டுக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். பத்திரத்தைப் பார், பிறகு படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத நிபுணரை வைத்துப் பார். அந்தச் சில நூறு யூரோ கையிலிருந்து போக மனமில்லை என்றால் படகே வேண்டாம். வாங்கும் விலை அளவுக்கு இன்னொரு தொகை வங்கியில் இருக்கட்டும். நிறுத்த இடம் கிடைத்தபின் முன்பணம் கொடு. வாடகைப் படகில் ஒரு வாரம், அதுவும் மழைக்காலத்தில், இருவரும் இருந்து பாருங்கள். கூட வரப்போகிறவளிடம் முதலில் கேள்.

என்னிடம் இனி யாராவது வீடு, படகு, வண்டி என்று எதற்கு அபிப்பிராயம் கேட்டாலும், "காகிதம் நான் பார்க்கிறேன், பொருளைத் தெரிந்தவரிடம் காட்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012-ல் இந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை.