ஷிஃபாவின் பெயரால் விற்கப்படும் ஊசி



கடந்த ரமளானில் தராவீஹ் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை எம்மிடம் வந்தார். தருமபுரிக்கு அருகில் சிறு கடை வைத்திருப்பவர். அவருடைய ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம்; இன்னும் பேச்சு வரவில்லை. வெளியூர் மருத்துவமனை ஒன்றில், ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிள்ளை பேசிவிடுவான் என்று பல லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். மனைவியின் நகையை விற்றது போக மீதியை ஜமாஅத்தின் ஜகாத் நிதியிலிருந்து பெற்றுத்தர இயலுமா என்று கேட்டார். "எந்த நோய்க்கும் மருந்து உண்டு என்று பயானில் நீங்கள்தானே ஹஜ்ரத் சொன்னீர்கள்?" என்றும் கேட்டார்.

சொன்னோம்தான். புகாரியில் பதிவான நபிமொழியின் கருத்து அது. அது நம்மை மருந்தைத் தேடச் சொல்கிறதேயன்றி, விற்பவன் கையில் இருப்பதெல்லாம் மருந்து என்று உறுதியளிக்கவில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் வேறொரு நபிமொழியும் உண்டு. முதலாவதை விளம்பரங்களில் காண்கிறோம். இரண்டாவதை அங்கே கண்டதில்லை.

ஸ்டெம் செல் சிகிச்சை முற்றிலும் பொய்யன்று. ரத்தப் புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட சில நோய்களுக்கு அது பயன்படுகிறது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் அங்கீகாரப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரில் கூறியது. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2026 ஜனவரியில் தீர்ப்பளித்துவிட்டது.

பணம் மட்டுமே போவதாக எண்ண வேண்டாம். உடலிலுள்ள பாதரசத்தை வெளியேற்றினால் ஆட்டிசம் நீங்கும் என்று நம்பி, 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கீலேஷன் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து, இதயம் நின்று, அப்பிள்ளை இறந்தான்.

"குணமான பிள்ளைகளின் வீடியோ இருக்கிறதே" என்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வளர்கிறான். நான்கு வயதில் பேசாதவன் ஆறு வயதில் பேசுவதுண்டு. அதே காலத்தில் பேச்சுப் பயிற்சியும் நடந்திருக்கும். உம்மா இரவு பகலாகப் பக்கத்தில் அமர்ந்து கற்றுக் கொடுத்திருப்பாள். புகழ் மட்டும் ஊசிக்குப் போய்விடுகிறது! பணம் கட்டியும் மாற்றம் காணாத பெற்றோர் வீடியோ எடுப்பதில்லை.

ஆகவே ஜகாத் நிதியை இந்த ஊசிக்குக் கொடுப்பது அமானத்துக்கு ஏற்றதன்று என்பதே எமது கருத்து. அத்தந்தை ஜகாத் பெறத் தகுதியுடையவராயின், பேச்சுப் பயிற்சிக்கும் அதற்கான பேருந்துச் செலவுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெறலாம். மத்திய அரசின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க மஹல்லாவில் படித்த பிள்ளைகள் இல்லையா?

அப்பெற்றோரை ஊசி விற்பவர்களிடம் துரத்தியதில் நமக்கும் பங்குண்டு. ஜின் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள் நம்மவர்கள். ஸஃப்புக்கு இடையில் ஓடிய பிள்ளையை அதட்டி வெளியே அனுப்பியவர்களும் நம்மவர்களே. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்திருந்தார்கள் என்பதைப் பாடம் நடத்துகிறோம், அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

அன்றிரவு அத்தந்தைக்கு எம்மால் பதில் கூற இயலவில்லை. இரு நாள் கழித்து, நிதி தர இயலாது என்று காரணங்களுடன் சொன்னோம். கோபத்துடன் எழுந்து போனார். ஷவ்வாலில் மகனுடன் ஜும்ஆவுக்கு வந்தார். பிள்ளை காதுகளைப் பொத்திக்கொண்டு கடைசி ஸஃப்பில் நின்றான். முதவல்லியிடம் பேசி, அந்த மூலையிலுள்ள ஒலிபெருக்கியை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறோம்.